பாண் ஓட்டோவின் பாட்டு

வவுனியாவில் கடைகளில் தொல்லை கொடுத்த குரங்குகளைப் பிடித்து, லொறியில் ஏற்றி, நெடுங்கேணியில் எங்கள் வளவுக்குப் பின்னால் உள்ள காட்டில் விட்டார்கள். பாலைப்பழக் காலம் அது. பழம் நிலமெல்லாம் கொட்டிக் கிடந்தது. ஒரு குரங்கும் தொடவில்லை. பேக்கரிப் பணிஸ் தின்று வளர்ந்த சீவன்களுக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும்? பாணும் பணிசும் விற்கும் ஓட்டோவின் ஒலிபெருக்கிப் பாட்டுக் கேட்டால் மட்டும், குட்டிகளையும் காவிக்கொண்டு றோட்டுக்கு ஓடிவந்தன.

ஊர்ச்சனம் முறைப்பாடு கொடுத்தது. வந்த உத்தியோகத்தர் கூட்டுக்குள் பணிசை வைத்து, அதே பாட்டைப் போனில் போட்டார். எல்லாம் தாமாகவே உள்ளே போயின. நான் கூட்டுக்குக் கிட்டப் போய் அவரிடம் கேட்டேன்.

"இனி எங்கை விடப்போறியள், தம்பி?"

"வேறை காட்டிலை."

"அங்கை அதுகள் என்னத்தைத் தின்னும்?"

"பயப்பிடாதேங்கோ அண்ணை. அங்கையும் பாண் ஓட்டோ வரும்."