குட்டனுக்குக் கறி ஆகாது

என் மகளின் நாய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணை எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. திங்கள் கோழி, செவ்வாய் பூசணி, புதன் முட்டை என்று வாரம் முழுக்க. தினமும் ஒரே சாப்பாடு என்றால் அதற்குச் சலித்துவிடுமாம். கழக்கூட்டம் ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரையும், வருகிற வழியெல்லாம் முன்னால் நிற்கும் பஸ்ஸின் முதுகையும் பார்த்துவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் நான் பூசணிக்காய் வேகவைக்கிறேன். "உப்பு போடலல்லோ, அம்மா?" என்று மகள் சோபாவில் இருந்தபடியே விசாரிப்பாள். எனக்கு நேற்றைய மாவில் இன்றைக்கும் தோசை. எனக்குச் சலிக்குமா என்று எந்த டாக்டரும் இதுவரை கேட்டதில்லை.

பூசணி வேகும்போதெல்லாம் குட்டன் ஞாபகம் வந்துவிடும்.

அப்பா இந்த மலையாளத்து ஊரில், சாலைக் கடைத்தெருவில் ஒரு சைவ ஓட்டலில் சப்ளையராக இருந்தார். ஆறு வருஷம் ஓட்டல் மாடியிலேயே படுத்துக் கிடந்தவர், எனக்கு ஏழு வயதானபோது பக்கத்துச் சந்தில் ஒற்றை அறை வீடு ஒன்று பிடித்து, நாங்குநேரிப் பக்கத்திலிருந்து அம்மாவையும் என்னையும் கூட்டிவந்தார். முன்பு அங்கே குடியிருந்த மலையாளிகள் காலிசெய்தபோது விட்டுப்போன ஒரே பொருள் குட்டன் என்கிற நாய். அதற்கு மலையாளம் மட்டும்தான் தெரியும். 'வா' இரண்டு மொழிக்கும் பொது என்பதால் அம்மா கூப்பிட்டால் வரும். 'போ'வும் பொதுதான், ஆனால் அது மட்டும் அதற்குப் புரியாது.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டுக்கறி. மூன்று மணிக்கு அப்பாவுக்கு ஓட்டலில் ஓய்வு கிடைக்கும். வந்ததும் மூன்று பேரும் சேர்ந்து உட்காருவோம். அப்பா தட்டு, என் தட்டு என்று போய், சட்டியின் அடியில் இருப்பது அம்மாவுக்கு. அந்த நேரம் பார்த்துக் குட்டன் வாசற்படியில் மோவாயை வைத்துக்கொண்டு அம்மாவையே பார்க்கும். என்னைப் பார்த்துப் பிரயோஜனமில்லை என்று அதற்குத் தெரியும். "பாவம்மா" என்று நான் வேறு தூபம் போடுவேன். அம்மாவின் துண்டுகள், எங்கள் ஊர்க் காரம் போட்ட குழம்போடு பிசைந்து அதற்குப் போய்விடும்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் குட்டன் வாந்தி எடுக்க ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் எழுந்து நிற்க முடியவில்லை. அப்பா வேலையில் இருந்தார். அம்மா அதை அப்பாவின் பழைய சாரத்தில் சுற்றித் தூக்கிக்கொண்டாள், நான் பின்னால் ஓடினேன். கேட்டுக் கேட்டு மிருகாசுபத்திரி போய்ச் சேர்ந்தோம். அம்மாவுக்கு மலையாளம் தெரியாது. நான் ஒரு மாதமாகச் சந்துப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்ததால் எனக்கு எல்லாம் வந்துவிட்டது என்று அவள் நம்பினாள். நானும்தான்.

டாக்டர் ஊசி போட்டார். தட்டில் அம்மா என்ன வைக்கிறாள் என்று சைகையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு என்னிடம், "கறி ஒண்ணும் கொடுக்கண்டா, கேட்டோ" என்றார்.

"என்னட்டி சொல்லுதாரு?" என்றாள் அம்மா.

"கறி கொடுக்கப்பிடாதாம்" என்றேன். அரசாங்க உத்தரவை வாசித்த தோரணையில்தான் சொல்லியிருப்பேன்.

மூன்று மணிக்கு அப்பா வந்து, வழக்கம்போல் கால்களைச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்தார். நின்று நின்று அவருக்கு நரம்பெல்லாம் முடிச்சு விழுந்திருந்தது. அம்மா விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் சொன்னதை மலையாளத்திலேயே அப்படியே சொல்லு என்றார் அப்பா. சொன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரே சொல்லியாச்சுல்லா. பொறவு என்ன, கொடுக்காண்டாம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

குட்டனுக்குத் தினமும் கஞ்சி என்று ஆனது. காலையில் கஞ்சி, சாயங்காலம் மோர் ஊற்றின கஞ்சி. வாந்தி நின்றது. ஒரு வாரம் நக்கிக் குடித்தது, அப்புறம் முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது, அப்புறம் முகரவும் வரவில்லை. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. எனக்குப் பயமாகிவிட்டது. செத்துப்போனால் என்ன செய்வது என்று நினைத்து அழுதேன். வாய்க்கு ருசியாக எதையாவது கொடுக்கலாம் என்று தேடி அலைந்தேன். பக்கத்து வீட்டு அவித்த மரச்சீனிக்கிழங்கு, பலாச் சக்கைக்கொட்டை, பப்படத் துண்டு எல்லாம் கொண்டுவந்து வைத்தேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காயில் ரோட்டுக்குத் தெறிக்கும் சில்லுகளைப் பொறுக்கி வந்தேன். தேங்காயை மட்டும் தின்றது. மற்றதையெல்லாம் மரியாதைக்கு ஒரு தடவை நக்கிவிட்டு விட்டுவிட்டது.

ஞாயிறுகளில் அது வாசற்படியில் மோவாய் வைத்தால் அம்மா திரும்பி உட்கார்ந்துகொள்வாள். "ஒனக்கு ஆவாதுடா, டாக்டர் சொல்லிருக்காரு" என்பாள். எலும்பை உறிஞ்சும்போது அவளுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சாப்பிடுவார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் மத்தியானம் தட்டோடு வரிசையில் நின்றோம். சாப்பாடு போடும் சேச்சி சோற்றை வைத்துவிட்டு, "கறி வேண்டே மோளே?" என்றார். திங்கட்கிழமையே கறியா என்று எனக்கு வாயெல்லாம் தண்ணீர். தட்டை நீட்டினேன். பச்சைப்பயறு விழுந்தது. கறி எங்கே என்று கேட்டேன். இதுதான் கறி என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி விட்டார்.

முதலில் ஏமாற்றம்தான். வீட்டுக்கு நடக்கிற வழியில்தான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. சந்து முனையிலிருந்தே அழுதுகொண்டு ஓடினேன்.

"எப்பா, கறின்னா கறி இல்லயாம். கொழம்புதானாம். பயறுக்கும் கறிங்காங்க. கொழம்புதான் கொடுக்கப்பிடாதுன்னாரு டாக்டர்."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "வாயில்லா சீவன ஒரு மாசமாப் பட்டினி போட்டிருக்கியேட்டி!" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா என்னைத் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. சுவரிலிருந்து காலை இறக்கி எழுந்து உட்கார்ந்தார்.

"அதுக்குள்ள மலையாளம் படிச்சிட்டியே மக்கா" என்றார்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மசாலா போடுவதற்கு முன்பே நாலு துண்டை வெறும் தண்ணீரில் வேகவைத்து எடுத்துவைத்தாள். குட்டன் தட்டையே தின்றுவிடும் போலிருந்தது. "எலும்பு கடிச்சா எனக்குப் பல்லு கூசுது" என்று சொல்லி அம்மா குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் பல் கூசியது. அம்மாவுக்குக் கறி பிடிக்காது என்று வெகுகாலம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குட்டன் ஒரே மாதத்தில் தேறி, பளபளவென்று ஆகிவிட்டது. அதைக் காப்பாற்றியது நான்தான் என்று எனக்குப் பெருமையான பெருமை.

நாலாம் வகுப்பில் ஒருநாள், எதையோ கொடுக்க அப்பாவின் ஓட்டலுக்குப் போனேன். மத்தியானக் கூட்டம். கையில் வாளியோடு மேஜைக்கு மேஜை நடந்துகொண்டிருந்தார். "கறி வேணோ சாரே? கறி? கறி வேணோ?" துண்டு எலும்புகூட நுழையாத அந்த ஓட்டலில் நாள் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததோடு சரி, அதற்குமேல் யோசிக்கவில்லை.

இப்போது அப்பா இல்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். பல் போய்விட்டது, உண்மையிலேயே கறி கடிக்க முடியாது. பூசணி வெந்துவிட்டதா என்று கரண்டியால் குத்திப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு செவ்வாய்க்கிழமைதான் எனக்கு உறைத்தது. ஆறு வருஷம் வாளி தூக்கிய மனுஷருக்கு நான் போய்க் கறிக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த மே மாதம் நாலு ஞாயிறும் அம்மா கறி சாப்பிட்டாள். பள்ளிக்கூடம் ஒரு வாரம் தள்ளித் திறந்திருந்தால் இன்னும் ஒரு ஞாயிறு சாப்பிட்டிருப்பாள்.