காலைத் தூக்கி நடம்மா

மகன் வாங்கி மாட்டிவிட்ட கைக்கடிகாரம், ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் கிர்ரென்று அதிரும். எழுந்து நட என்று அர்த்தமாம். டாக்டரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அதனால் தினமும் விடிந்ததும், விலை கேட்டாலே தலை சுற்றும் ஷூவை மாட்டிக்கொண்டு, எங்கும் போய்ச் சேராத ஒரு நடை நடக்கிறேன். நேற்று புதுவயல் பக்கம் போனபோது அவித்த நெல்லின் வாசம் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

அது என் அம்மாவின் சேலை வாசம். அங்கிருக்கும் அரிசி ஆலைக் களத்தில்தான் அவளுக்கு வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, காய்கிற வரைக்கும் வெயிலில் மேலும் கீழும் நடக்க வேண்டும். சும்மா நடந்தால் போதாது. பாதத்தைத் தரையோடு தேய்த்துக்கொண்டே போனால்தான் அடியில் கிடக்கிற ஈர நெல் மேலே வரும். ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடந்தாளோ, எண்ணிச் சொல்ல அவள் கையில் கடிகாரம் கிடையாது. அந்தக் கால்தான் என்னைப் படிக்க வைத்தது.

படித்து ஆபீஸ் வேலையில் சேர்ந்தேன். மூன்றாம் மாதம் ஒருநாள், பக்கத்து மேஜைக்காரர் கேட்டார். "பஸ்ஸுல வரையில பாத்தேன். மில்லுக் களத்துல நெல்லு தள்ளிக்கிட்டு இருந்தாகளே, அவுக ஒங்க அம்மாவா?"

நல்ல மனிதர், தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நாளையில இருந்து களத்துக்குப் போகாத. கால நீட்டி உக்காரு."

"உக்காந்து என்னடி செய்ய?"

"டிவி பாரு."

பாசம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். வெட்கம் என்று உங்களிடம்தான் சொல்கிறேன். பிறகு வீட்டுக்குள்ளேயே குழாய் வந்தது, மோட்டார் வந்தது, துணி துவைக்க மிஷின் வந்தது. அவள் நடப்பதற்கு நான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கால் சும்மா இருக்குமா? கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே நடப்பாள். வெடித்த குதிகால் தரையில் சரக், சரக் என்று கேட்கும்.

"காலத் தூக்கி நடம்மா. யாராச்சும் வந்தா என்ன நெனைப்பாக?"

அதட்டியதும் நிறுத்திவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். சர்க்கரை வந்தது, முட்டி இறுகியது, சில வருஷத்தில் கட்டிலோடு கிடந்தாள். பயிற்சி கொடுக்க வந்த பெண், அம்மாவின் குதிகாலைப் பிடித்து மெத்தையில் முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினாள். "இப்பிடித் தேச்சுத் தேச்சுப் பழகுங்கம்மா. தெனமும் செய்யணும்."

அம்மா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"தேய்க்கட்டுமாடி?"

அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. தேய்ம்மா, தேய்ம்மா என்று அழுதேன். கால் அசையவில்லை.

இப்போது அந்த ஆலையில் நெல் காய்வதற்கும் மிஷின்தான். களத்தில் லாரிகள் நிற்கின்றன. நேற்று வீட்டுக்குத் திரும்பியதும் ஷூவைக் கழற்றிவிட்டு, கூடத்தில் பாதத்தைத் தேய்த்து நடந்து பார்த்தேன். வெடிப்பே இல்லாத வழுவழுப்பான குதிகால். எத்தனை தடவை நடந்தும் அந்தச் சத்தம் வரவில்லை.