படத்தில் இல்லாத பையன்

அறுபதுகளில் கண்டரமாணிக்கத்தில் எது நல்ல படம், எது குப்பை என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் பத்திரிகைக்காரர்களிடம் இல்லை. என் சின்னாத்தாவிடம் இருந்தது. சின்னாத்தா என்றால் அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், தம்பி மனைவி. சித்தப்பா மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு பினாங்கில் கடை பார்த்துக்கொண்டிருந்தார். சின்னாத்தா எங்கள் பெரிய வீட்டில் தன் அறையும் தன் அடுப்புமாகத் தனியே இருந்தாள். காரைக்குடியில் படம் மாறினால் போதும், முதல் சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு டவுன் பஸ் ஏறிவிடுவாள். அவளுக்கு இருந்த ஒரே சுகம் அது. அதை எட்டு வயதில், ஒரே கத்தலில் கெடுத்தவள் நான்.

மற்ற விஷயங்களில் எங்கள் வீடு பெண்களை வாசல் தாண்ட விடாத வீடு. சின்னாத்தாவுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று நான் ஒருமுறை ஆத்தாவிடம், என் அம்மாவிடம், கேட்டேன். "அவ மனசு மாறட்டும்னு அப்பச்சி சொல்லியிருக்காக. உனக்கென்ன இப்ப?" என்று பதில் வந்தது. மனசு எதற்கு மாற வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் சினிமா பார்த்தால் மனசு மாறும், என்னை ஏன் அனுப்பவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சாயங்காலம் அவள் திரும்பி வருவதற்குள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் கூடியிருப்பார்கள். கையில் ஒரு பாட்டுப் புத்தகத்தோடு சின்னாத்தா வருவாள். கால் கழுவி, காப்பி குடித்து, முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அரிசி புடைத்துக்கொண்டேதான் கதை. பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் போட்டிருக்கும். கதாநாயகி கிணற்றங்கரைக்கு ஓடுகிற இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்திருப்பார்கள். எங்களுக்கு வெள்ளித்திரை எல்லாம் சின்னாத்தாவின் வாய்தான்.

கதையைச் சுருக்கமாகத்தான் சொல்லுவாள். அபிப்பிராயம்தான் நீளம். அதில் ஒரு விசேஷம் உண்டு. படம் எதுவானாலும் அவள் கண்ணில் படுவது ஒரு பையன்தான். கத்திச் சண்டை போட்ட ராஜா படம் ஒன்று வந்தது. "சண்டையெல்லாம் நல்லாத்தான் போடுறாக. ஆனா அந்தப் பையன் இளைச்சுல்ல போயிட்டான்? வேளாவேளைக்குச் சோறு போடுறாகளா என்னமோ" என்றாள். அடுத்து வந்தது சாமி படம். "முடியை ஒட்ட வெட்டி விட்டிருக்காக. அந்த முகத்துக்கு அது எடுக்கவே இல்லை" என்றாள். எல்லோரும் மூக்கைச் சிந்திய குடும்பப் படம் ஒன்று. அதைப் பற்றி அவள் சொன்னது, "செருப்பு புதுசு. குதியில கடிச்சுப் புண்ணாயிருக்கு. பெத்தவ பாத்திருந்தா எண்ணெய் தடவி விட்டிருப்பா."

இதைக் கேட்டுப் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். தெருவில் ஒருத்தி அதே படத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தனக்குப் பையனே தெரியவில்லை என்றாள். பிறகு தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். "நான் முந்தானையால கண்ணைத் தொடச்சிக்கிட்டே இருந்தேனா, கவனிக்காம விட்டுட்டேன். ஆச்சி பாக்குற பார்வையே தனி." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆத்தா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆத்தாவுக்குச் சினிமாக் கதையில் ருசி இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முழுப்பரீட்சை லீவில், சின்னாத்தாவுக்குத் துணை போகிற வேலைக்கார அம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. துணை இல்லாமல் போகக் கூடாது. என் அதிர்ஷ்டம், என்னை அனுப்பினார்கள். நான் இரண்டு நாள் தூங்கவில்லை. சின்னாத்தாவுக்குத்தான் அவ்வளவு சந்தோஷம் இருந்த மாதிரித் தெரியவில்லை. பஸ்ஸில் என் ரிப்பனைச் சரி செய்தபடி, "உள்ள போனா படத்தை மட்டும் பாக்கணும். அங்குட்டு இங்குட்டுத் திரும்பக் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னாள்.

தியேட்டரில் பெஞ்சு வகுப்பில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். சின்னாத்தா வசதிக்கு, காசு கூடின நாற்காலி வகுப்பிலேயே உட்காரலாம். அவளோ நேரே அந்தச் சுவரை ஒட்டிய பெஞ்சுக்குப் போய், ஓரத்து இடத்தைப் பிடித்தாள். நான் அவளுக்கு இந்தப் பக்கம். விளக்கு அணைந்தது, நான் என்னை மறந்தேன்.

அக்கா தங்கை கதை. இரண்டு பேருக்கும் ஒரே மாப்பிள்ளை மேல் ஆசை. அக்கா விட்டுக்கொடுக்கிறாள், விட்டுக்கொடுக்கிறாள், கடைசி வரை விட்டுக்கொடுத்துவிட்டு மாடிப்படியில் உருண்டு செத்துப்போகிறாள். நான் பார்த்த முதல் சாவு அது. அந்தப் பெண் நிஜமாகவே செத்துவிட்டாள் என்றுதான் நம்பினேன். தியேட்டரே விசும்புகிறது. பயத்தில் சின்னாத்தாவின் கையைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்தேன்.

சின்னாத்தா சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரையைப் பார்த்து அல்ல. திரைக்கு நேர் பக்கவாட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து. இத்தனை பேர் அழும்போது சிரிக்கிறாளே, இவளுக்கு ஏதாவது பிடித்துவிட்டதா? அவள் பார்க்கிற பக்கம் நானும் எட்டிப் பார்த்தேன். அங்கே தலைப்பாகை கட்டிய ஒரு கணக்கப்பிள்ளை, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்த ஒரு பையன். பட்டுச் சட்டை, முழங்காலில் துணிக்கட்டு. அவனுக்குச் சாவைப் பற்றிக் கவலையே இல்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டு, அழுகிற கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான். சிரித்தபோது மேலே ஒரு தெத்துப்பல் தெரிந்தது.

சின்னாத்தா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "அங்குட்டுப் பாக்காத. படத்தைப் பாருன்னேன்ல?"

அவள் மட்டும் பார்க்கலாமாம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பஸ்ஸில் ஊர் வரும் வரை நான் பேசவில்லை. அவளும் கவனிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டு வந்தாள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கதைச் சுருக்கத்தை எதற்கு அவ்வளவு அக்கறையாகப் படிக்க வேண்டும் என்று மட்டும் மனதில் ஓடியது.

இரண்டாம் கட்டில் கூட்டம் தயாராக இருந்தது. சின்னாத்தா முறத்தை இழுத்தாள். கதை ஆரம்பித்தது. அக்கா தங்கை வரை சரிதான். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் நான் பார்த்த படத்தில் இல்லை. அக்கா சாகவே இல்லையாம். ரயில் ஏறி வேறு ஊருக்குப் போய் நன்றாக இருந்தாளாம். பெரியவர்கள் இப்படிக் கண்ணைத் திறந்துகொண்டே பொய் சொல்லுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"படம் பரவாயில்லை" என்று அபிப்பிராயத்துக்கு வந்தாள் சின்னாத்தா. "அந்தப் பையனுக்குத்தான் முழங்கால்ல நல்ல அடி. கட்டுப் போட்டிருக்காக, துணி ஒரே அழுக்கு. மாத்தி விட ஆளில்லை போல."

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினேன். "பொய்! படத்துல பையனே இல்லை! அவன் சுவத்துக்கு அங்குட்டு ஒரு கணக்கப்பிள்ளையோட உக்காந்து முறுக்குத் தின்னான். சின்னாத்தா படத்தையே பாக்கலை, அவனைத்தான் பாத்துக்கிட்டே இருந்தாக. அவனுக்கும் சின்னாத்தா மாதிரியே தெத்துப்பல்லு!"

எல்லோரும் சிரிப்பார்கள், என்னை மெச்சுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முறம் நின்றது. அடுப்படியிலிருந்து வந்த ஆத்தா, என் வாயிலேயே ஓர் அறை விட்டாள். அதற்கு முன் ஆத்தா என்னை அடித்ததே கிடையாது. வலியைவிட, உண்மையைச் சொன்னதற்கு அடி விழுமா என்கிற திகைப்பில் எனக்கு அழுகை கூட வரவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக, "நேரமாச்சு ஆச்சி, வாரேன்" என்று எழுந்தார்கள். ஒருத்தியும் சின்னாத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் சின்னாத்தா ஆத்தாவிடம், "பிள்ளையை அடிக்காதீக ஆச்சி. அது உள்ளதைத்தானே சொல்லுச்சு" என்றாள். "உங்களுக்கு எப்பவே தெரியும்ல?" என்றும் கேட்டாள். ஆத்தா முறத்தை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

சொல்லித் தெரிய வேண்டிய வயது வந்தபின் ஆத்தா எனக்குச் சொன்னாள். நான் தொட்டிலில் கிடந்த காலத்தில், காரைக்குடியில் பிள்ளையில்லாத ஒரு பெரிய வீட்டுக்குச் சின்னாத்தாவின் இரண்டாவது மகனைப் பிள்ளை கூட்டி, தத்தெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். தத்துச் சடங்கில் மஞ்சள் நீர் குடித்த நிமிஷத்திலிருந்து பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. பெற்றவள் போய்ப் பார்க்கக் கூடாது, பேரைச் சொல்லக் கூடாது, அவனுக்கும் தெரியக் கூடாது. அப்பச்சிதான் முன்னின்று வாக்குக் கொடுத்தவர். அந்த வீட்டுக் கணக்கப்பிள்ளைக்குப் படப் பைத்தியம். புதுப் படத்துக்குப் பையனைத் துணைக்கு இழுத்துக்கொண்டு முதல் சனிக்கிழமையே போய்விடுவார். இதை எப்படியோ தெரிந்துகொண்டு, சின்னாத்தா ஆறு வருஷம் அத்தனை படத்துக்கும் போயிருக்கிறாள். ஒரு படத்தையும் பார்க்கவில்லை.

நான் கத்தியது இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரவியது. அப்பச்சிக்குத் தெரிந்தபோது அவர் சத்தம் போடவில்லை. "வாக்குக் கொடுத்திருக்கேன். இனிமே படம் வேணாம்" என்று ஆத்தாவிடம் சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான். தெருப் பெண்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இதெல்லாம் எதனால் என்று எனக்கு அப்போது தெரியாது. பொய் சொன்னதற்குச் சின்னாத்தாவுக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்தேன். சரியான தண்டனை என்றும் நினைத்தேன். இதை எழுத இப்போது கை கூசுகிறது.

தீபாவளிப் படம் வந்த முதல் சனிக்கிழமை அப்பச்சி தன் வேலையாகக் காரைக்குடி போனபோது, வேலைக்கார அம்மாளோடு என்னையும் கூட்டிப்போய் மத்தியான ஆட்டத்துக்கு விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்த சாயங்காலம், சின்னாத்தா என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "படம் எப்படிடா கண்ணு?" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் என் கைக்கு வந்துவிட்டது. ஒரு சண்டை, ஒரு பாட்டு விடாமல், முடிவை மாற்றாமல், முழுக் கதையையும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, "எங்குட்டு உக்காந்திருந்தீக?" என்றாள்.

"உங்க இடத்துலதான். சுவத்தை ஒட்டி."

"சுவத்துக்கு அங்குட்டு... பாத்தியா?"

எனக்குப் பழைய கிள்ளல் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "இல்ல சின்னாத்தா. திரும்பவே இல்லை. நீங்க சொன்ன மாதிரி படத்தை மட்டுந்தான் பாத்தேன்."

அவள் பார்வையை என் முகத்திலிருந்து எடுத்தாள். பிறகு என் தலையைத் தடவி, "நல்ல பிள்ளை" என்றாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள், என் நடத்தையை மெச்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் குதித்துக்கொண்டு வெளியே ஓடினேன்.