லீவு கிடையாது

ஆம்பூரில் எங்கள் தோல்ஷாப் முதலாளி, வேலைக்கு வந்தாலும் வராவிட்டாலும் எல்லோருக்கும் வாரக்கூலி உண்டென்று அறிவித்துவிட்டார். மறுவாரம் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர் ஒருவர், வெளுத்துப்போன கைகளை வழக்கம்போல் முகர்ந்துகொண்டே மேஸ்திரியான என்னிடம் வந்தார்.

“நாளைக்கு லீவு வேணும் மேஸ்திரி.”

“வரவே வேணாம்னு சொல்லியாச்சே. எதுக்குப்பா லீவு?”

“நெமிலில மச்சான் வூட்டு காதுகுத்து. முன்னல்லாம் லீவு இல்லன்னு சொல்லித் தப்பிச்சுப்பேன். இப்ப இன்னா சொல்றது? சொந்தக்காரங்களால ஒரே பேஜார். நீங்களே முடியாதுன்னு சொல்லிடுங்க.”

அந்த மச்சான் வாசலிலேயே வண்டியோடு காத்திருந்தார். அவர் காதில் விழும்படி, “லீவெல்லாம் கிடையாது, போய்யா!” என்று கத்தினேன்.

அவ்வளவு சந்தோஷமாகக் குழிக்குள் இறங்கிய மனிதரை நான் பார்த்ததில்லை. திரும்பினால், அவர் நின்ற இடத்தில் லீவு கேட்டு ஒரு வரிசையே நின்றது.