கறை எப்படி வந்துச்சு?

சலவைக்கடைக்காரர் என் சட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இது எப்படி வந்துச்சு?"

"ஏதோ பட்டுடுச்சு" என்றேன்.

"ஏதோன்னா போகாது. உள்ளதச் சொல்லுங்க."

காபி என்று ஒப்புக்கொண்டேன். சர்க்கரை போட்டதா, போடாததா என்பதையும் சொன்ன பிறகுதான் சட்டை கூடைக்குள் விழுந்தது. எங்கள் தெருச் சலவைக்கடையில் இதுதான் நடைமுறை. உதட்டுச்சாயம் பட்ட காலரோடு வந்து, வாயைத் திறக்க முடியாமல் அப்படியே திரும்பிப் போன கனவான்களும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், கோயிலில் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் என்றாலே இவருக்கு ஆகாது. "மனுசன்கிட்டப் போய் எதுக்குப் பாவத்தச் சொல்லணும்? பைபிள்ல வசனம் எங்க இருக்கு?" என்பார். எதற்கெடுத்தாலும் வசனம் கேட்பதால் தெருவில் அவர் பெயரே 'வசனம்'. மெழுகுவத்தி, மாதா சுரூபம், ஜெபமாலை எல்லாம் அவருக்கு மனுசன் கட்டின பழக்கம். ஆனால் எந்தச் சட்டைக்கும் இடது கையைத்தான் முதலில் தேய்ப்பார். ஏனென்றால், "எங்கப்பா அப்படித்தான் தேய்ப்பாரு." "அதுக்கு வசனம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அந்த வாரம் என் சட்டைக்குக் கஞ்சி கொஞ்சம் அதிகம்.

கல்லாவில் உட்காரும் அவர் மனைவியோ தவறாமல் கத்தோலிக்கக் கோயில் பூசைக்குப் போகிறவர். "வேதத்தத் தொகுத்துக் குடுத்ததே எங்க சபைதான். பின்ன, வானத்துலேருந்து அட்டை போட்டா விழுந்துச்சு?" என்பார். அதற்கு இஸ்திரிப்பெட்டி மட்டும் புஸ்ஸென்று பதில் சொல்லும்.

விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த சண்டை, பேத்தி பிறந்ததும் வினையாயிற்று.

"ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். பொறக்கும்போதே ஒட்டிக்கிட்டு வர்ற ஜென்மப் பாவம் போகணும்ங்க" என்றார் மனைவி.

"பச்சப்புள்ளைக்கு என்ன பாவம்? பாவம்னா தெரிஞ்சு செய்யறது. வளரட்டும், தானா விசுவாசிச்சுத் தண்ணியில இறங்கட்டும். நான் கோயில் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "அப்பா வரலேன்னா எதுவுமே வேண்டாம்மா" என்று மகள் கடையிலேயே நின்று அழுதாள். எனக்கே சங்கடமாக இருந்தது.

சனிக்கிழமை, மனைவி ஒரு சின்ன வெள்ளை அங்கியை மேசைமேல் வைத்தார். அவர் குடும்பத்துக் குழந்தைகள் எல்லோரும் ஞானஸ்நானத்துக்குப் போட்டது. மார்பில் பழுப்பாக ஒரு திட்டு. இவர் பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

"இது எப்படி வந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? எங்கம்மா காலத்துலயே இருந்துச்சு. போட்ட புள்ளைங்க யாரும் பண்ணினதில்ல."

திட்டை இன்னொரு முறை பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வசனம் கேட்காமலே பிரஷை எடுத்துக்கொண்டார். சாயங்காலம்வரை மல்லுக்கட்டியும் திட்டு வெளுத்ததே தவிரப் போகவில்லை. ஒரு துணியிடம் அவர் தோற்று அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிறன்று கோயிலில் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "சும்மா பாக்க வந்தேன். ஆமென்லாம் சொல்ல மாட்டேன்" என்று என்னிடம் முன்கூட்டியே அறிவித்தார். சொல்லவும் இல்லை. அவரைப் பார்த்த பிறகுதான் மகள் முகத்தில் உயிர் வந்தது.

எல்லாம் முடிந்ததும், ஈரத் தலையோடு இருந்த குழந்தையை அவர் கையில் கொடுத்துப் படம் எடுக்க நிறுத்தினார்கள். அங்கியை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு அந்தப் பழுப்புத் திட்டின்மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்து மூடிக்கொண்டு, "ம், எடுங்க" என்றார்.