நான் வெட்டிய பாதிப் பேச்சு

அந்தப் பெண்ணிடம் தலையில் இருந்த பூவை எடுக்கச் சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று விட்டால், எனக்குச் சாதகமான எதையாவது முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுவேன். என் பிழைப்பே அதுதான்.

தாம்பரம் வட்டாரத்துக்கு ஒரு செய்தித் தொலைக்காட்சியின் பகுதி நேர நிருபர் நான். குடிநீர்க் குழாய் உடைந்தாலும் ஏரியில் சாக்கடை கலந்தாலும் செல்போனையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு போய் நிற்பேன். அந்தப் பெண் கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். என்னைப் பார்த்ததும் சர்க்கரை மாத்திரையைச் சீட்டு கேட்காமலே எடுத்து வைப்பாள். "சாப்பிட்டுட்டுப் போடுங்கண்ணா, வெறும் வயித்துல போட்டுட்டு மைக்கோட ஓடாதீங்க" என்று சிரிப்பாள். கணவன் ராணுவத்தில் இருப்பதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எல்லையில் ரோந்து போன சிலர் திரும்பவில்லை என்று செய்தி வந்தது. காணாமல் போனவர்களில் அவள் கணவனும் ஒருவன் என்று மறுநாள் தெரிந்தது. உடனே அலுவலகத்தின் செய்திப் பிரிவிலிருந்து போன்.

"சார், உங்க ஏரியாதான். மத்தவங்க வர்றதுக்குள்ள போயிடுங்க. கோவமா ஒரு பைட் வேணும். அழுகைய எல்லா சேனலும் போடுவான்."

பைட் என்றால் பேட்டியிலிருந்து வெட்டி எடுத்து ஒளிபரப்பும் சின்னத் துண்டு. சேலையூரில் அவள் குடியிருந்த மாடி வீட்டுக்கு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெருமை அன்றைக்கு எனக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் தலை குளித்து மல்லிகை வைத்திருந்தாள். நான் அனுப்பிய முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், பூவெல்லாம் வச்சிருக்காங்க, சோகமே தெரியலையே" என்று செய்திப் பிரிவில் குறைபட்டுக்கொண்டார்கள்.

"ஏம்மா, அந்தப் பூவை மட்டும் கொஞ்ச நேரம் எடுத்து வச்சிடேன். டிவில பாக்குறதுக்கு நல்லா இருக்காது" என்றேன்.

கணவன் எங்கே என்று தெரியாமல் தவிக்கிற ஒரு பெண்ணிடம் நம் ஊரில் எந்த ஜென்மமும் சொல்லத் துணியாத வார்த்தை அது. அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அவர் வருவாருண்ணா" என்றாள். அவ்வளவுதான். பூவை அவள் எடுக்கவில்லை. நான் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பூ தெரியாதபடி படம் பிடித்தேன். எவ்வளவு சாமர்த்தியம் எனக்கு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கோபம் வரவில்லையா என்று மூன்று முறை கேட்டேன். முதல் இரண்டு தடவையும் கணவன் கடைசியாகப் பேசியதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை, "வருதுண்ணா. இதைப் பண்ணவங்களைச் சும்மா விடக்கூடாது" என்றாள். ஒரு மூச்சு விட்டாள். "ஆனா சண்டை வேணாம்ணா. அவரை எங்கயாவது பிடிச்சு வச்சிருந்தாங்கன்னா, நாம போடுற குண்டு அவர் தலையிலயும்தானே விழும்? பேசிக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

மாடிப்படி இறங்கும்போதே, அவள் மூச்சு விட்ட இடத்தில் வெட்டினேன். முதல் பாதியை மட்டும் அனுப்பினேன். யாரும் என்னை வெட்டச் சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலமே அந்தத் துண்டு நாடு முழுக்க ஓடியது. இந்திக்காரர்கள் கீழே எழுத்துப் போட்டு ஓட்டினார்கள். தாம்பரத்தில் நடந்த கூட்டத்துக்கு வந்த ஒரு அமைச்சர், "அந்தத் தங்கையின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த அரசு ஓயாது" என்று மேசையைத் தட்டினார். அவள் கேட்ட கேள்வி என் போனில் கிடந்தது. டீக்கடையில் நின்றவர்களெல்லாம் எந்த விமானத்தை அனுப்ப வேண்டும் என்று தளபதிகளாகப் பேசினார்கள். அதைக் கிளப்பிவிட்டது என் துண்டு என்று நினைத்தபோது எனக்குப் புல்லரித்தது.

அவளிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, நான் கடைசியா சொன்னது வரவே இல்லையே?"

"ஆபீஸ்ல கட் பண்ணிட்டாங்கம்மா. என் கையில என்ன இருக்கு?" என்றேன். வாய் கூசாமல் வந்தது பொய்.

எங்கள் பகுதிக் கட்சிக்காரர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "இன்னா பேச்சு சார் அது! கேம்ப் ரோட்டாண்ட பேனர் வச்சே ஆவணும். அந்தத் தம்பி போட்டோ உங்கையில கீதா?" என்றார். அவள் வீட்டுச் சுவரில் இருந்து நான் போனில் எடுத்த படத்தைக் கொடுத்தேன். 'பழி தீர்ப்போம்' என்று ஃபிளெக்ஸ் பேனர் வந்தது. காணாமல் போனவன் முகத்தைவிடக் கட்சிக்காரர் முகம் பெரிதாக இருந்தது.

பிறகு குண்டு வீசினார்கள். காணாமல் போன வீரர்களுக்காகத்தான் இந்த நடவடிக்கை என்று அரசாங்கம் அறிவித்தது. சில நாட்களில் இரண்டு பக்கமும் நிறுத்திக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று இனிப்புக் கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். அந்த வீரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டதற்கு, விவரம் சேகரித்து வருகிறோம் என்றார்கள். இன்றுவரை சேகரிக்கிறார்கள். நான் அதை மறுபடி எடுத்துப் பேசியபோது, "பழசு சார் அது, வேற ஏதாவது குடுங்க" என்று செய்திப் பிரிவில் போனை வைத்துவிட்டார்கள்.

பேனரை அவிழ்த்தார்கள். எங்கள் பக்கம் அவிழ்த்த ஃபிளெக்ஸை யாரும் வீணாக்குவதில்லை. கொட்டகைக்குக் கூரையாகவோ, செங்கலுக்கு மூடியாகவோ போய்விடும். "நல்ல கனமான ஷீட்டு சார், வண்டிக்குப் போட்டுக்க" என்று கட்சிக்காரர் எனக்கே கொடுத்தார். முகம் உள்பக்கமாக இருக்கும்படி, வாசலில் நிற்கும் என் பைக்கின் மேல் போட்டு, நுனியில் செங்கல் வைத்தேன். அதுவே பெரிய மரியாதை என்று எனக்கு எண்ணம்.

மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம் அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. குடையோடு கேட்டருகே நின்றபடியே பேசினாள்.

"அண்ணா, அன்னிக்கு எடுத்த வீடியோ முழுசா இருக்கா? படப்பையில அத்தை என்கிட்ட பேசறதே இல்ல. பேரப்புள்ளையையும் பாக்க வர்றதில்ல. 'என் பையன் அங்க உயிரோட இருந்திருப்பான், நீதான் டிவில வாயத் தொறந்து சண்டை கேட்டே, குண்டு போட்டுக் கொன்னுட்டாங்க'ன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்றாங்க. சண்டை வேணாம்னு சொன்னேன்ல? அதை மட்டும் ஒரு தடவை காட்டிட்டா போதும்."

அந்த வீடியோ இல்லை. ஒரு இனிப்புக் கடைத் திறப்பு விழாவைப் படம் எடுக்கப் போனில் இடம் போதாமல் அழித்திருந்தேன்.

"போன் ரிப்பேர் ஆயிடுச்சும்மா, எல்லாம் போச்சு" என்றேன். இரண்டாவது பொய்.

அவள் குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப நீங்க வந்து அத்தைகிட்ட சொல்றீங்களாண்ணா? ஆபீஸ்ல கட் பண்ணிட்டாங்கன்னு சொன்னா போதும். நீங்க சொன்னா நம்புவாங்க."

நான் சொன்ன பொய்யையே எனக்குப் பிடிமானமாகக் கொடுத்தாள். அதைக்கூட எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்து எதிர்க்கேள்வி கேட்டால் உண்மை வந்துவிடுமே என்று பயந்தேன்.

"இந்த வாரம் கொஞ்சம் வேலைம்மா. மழை வேற" என்றேன்.

அப்போது காற்றடித்து ஃபிளெக்ஸின் ஒரு பக்கம் செங்கலைத் தள்ளிக்கொண்டு புரண்டது. அவள் கணவனின் முகம் நனைந்துகொண்டு எங்கள் இருவரையும் பார்த்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. அவள் குடையைக் கழுத்தில் சாய்த்துக்கொண்டு குனிந்தாள். அவன் முகத்தில் இருந்த சேற்றைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். முகம் உள்பக்கம் போகும்படி திருப்பிப் போட்டு, செங்கலைத் திரும்ப வைத்தாள். குனிந்தபோது தலையில் பூ இருந்தது.

"வண்டி நனையுதுண்ணா" என்றாள். போய்விட்டாள்.

மருந்துச் சீட்டைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பி இப்போது வேறு கடையில் மாத்திரை வாங்குகிறேன் என்று எழுத ஆசைதான், அதுவும் பொய். அவள் கடை வழியே போகாமல் சுற்றிப் போகிறேன், பல நாள் மாத்திரையே போடுவதில்லை. அவள் அத்தை இருக்கும் படப்பைக்குத் தாம்பரத்திலிருந்து ஒரே பஸ்தான். அந்த நிறுத்தத்தில் நின்று, பஸ் சரியாக வருவதில்லை என்று பயணிகளிடம் எத்தனையோ பேட்டி எடுத்திருக்கிறேன். பஸ் சரியாகத்தான் வருகிறது. நான்தான் இன்னும் ஏறவில்லை.