பாய்லர்காரரின் காது

எங்கள் பிரிவுக்கு ஆஸ்பத்திரியில் சரியாக வழி சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. சலவைக் கூடத்தைத் தாண்டி, துருப்பிடித்த கட்டில்கள் குவிந்து கிடந்த முற்றத்துக்குப் பின்னால் தனியாக நின்ற ஓட்டுக் கட்டடம் அது. கதவில் மஞ்சள் பலகை, அதில் கதிர்வீச்சுக்கான மூவிதழ்ச் சின்னம். அந்தச் சின்னத்தின் பொருள் தெரியாதவர்கள்கூட அதைப் பார்த்ததும் நடையைக் குறைத்துத் திரும்பிவிடுவார்கள்.

பம்பாயில் பயிற்சி முடித்து நான் மைசூருக்கு வந்தது, மாநிலத்தின் பெயர் மாறி, பஸ்களின் பக்கவாட்டில் பழைய பெயரை அழித்துப் புதிதாகக் ‘கர்நாடக’ என்று எழுதிக்கொண்டிருந்த சமயம். மருத்துவ இயற்பியலாளர் என்பது என் பதவி. கதிரியக்க அயோடினை அளந்து கொடுப்பதும், குடித்த நோயாளியின் உடம்பிலிருந்து எவ்வளவு கதிர் வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதும் என் வேலை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நான் ‘ரேடியேஷன் சார்’. டீ கொண்டுவருகிறவர் டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு, முற்றத்தின் நடுவில் நின்று, “சார், டீ!” என்று குரல் கொடுப்பார். கான்டீனில் நான் உட்கார்ந்த மேஜைக்கு யாரும் வர மாட்டார்கள். யாருக்கும் என் மேல் விரோதம் இல்லை. பயம்தான். விளக்கிச் சொல்லலாம் என்றால் எனக்குக் கன்னடம் போதாது. திருச்சியில் வளர்ந்தவன். மத்தியானத்தில் பேசிய வாக்கியம்தான் அன்றைக்கு நான் பேசிய முதல் வாக்கியம் என்று சில நாட்களில் சட்டென்று உறைக்கும். சாயங்காலம் லாட்ஜ் அறைக்குப் போய் டிரான்சிஸ்டரைத் திருகி, தமிழ்ப் பாட்டு கிடைக்கிறதா என்று தேடுவேன்.

அந்தப் பெரியவர் வந்தது எனக்கு அங்கே இரண்டாவது மழைக்காலத்தில். ரயில்வே பட்டறையில் பாய்லர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜோலார்பேட்டைப் பக்கத்துக்காரர். மைசூருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மகனும் அதே பட்டறையில் வேலை செய்ததால் குவார்ட்டர்ஸிலேயே இருந்தார்கள். கழுத்தில் தைராய்டு புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, மிச்சம் இருப்பதை அழிக்க அயோடின் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். குடித்த பிறகு சில நாள் அவர் உடம்பே கதிர் வீசும். அதனால் எங்கள் கட்டடத்தின் கோடி அறையில் தனியாக இருக்க வேண்டும். சாப்பாடு வாசலில். பார்வையாளர் கிடையாது.

ஈயக் குடுவையைத் திறந்து, உறிஞ்சு குழாயை அவர் பக்கம் திருப்பி, “ஒரே மூச்சில் குடிச்சிடுங்க ஐயா” என்று தமிழில் சொன்னேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார்.

“தமிழா சார் நீங்க?” என்றார், மிகவும் சத்தமாக. பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் காது மந்தம்.

“ஆமாம்.”

“அப்ப விஷமே குடுத்தாலும் குடிக்கலாம்” என்று சிரித்துவிட்டு உறிஞ்சினார். தண்ணீர் மாதிரிதான் இருக்கும், ருசி கிடையாது. அவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. “இவ்ளோதானா?” என்று கேட்டார்.

காலையும் மாலையும் நான் போய் வாசலில் நின்று அளப்பேன். தரையில் ஒரு கோடு போட்டிருந்தோம். அவர் கட்டிலருகே நிற்க வேண்டும், நான் கோட்டுக்கு இந்தப் பக்கம். அளந்து முடித்ததும் கிளம்பிவிட வேண்டும். “ஊர்ல மழையா சார்? பக்கத்துத் தியேட்டர்ல இன்னா படம்? தமிழ்ப் படம் ஓடுதாமே?” என்று ஒவ்வொரு கேள்வியாக எடுத்து என்னை நிறுத்திவைக்கப் பார்ப்பார். தூக்கம் வருகிறதா என்று கேட்டால் கையை மட்டும் ஆட்டுவார். கண் சிவந்திருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் நர்ஸ் என் அறைக்கே ஓடிவந்தார். அதுவரை அவர் அந்த வாசலை மிதித்ததில்லை.

“சார், பேஷண்ட் இல்ல! ரூமல்லி இல்ல!”

போய்ப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கிடந்தது. பின்பக்கக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பெரிய டாக்டருக்குச் செய்தி போனால் போலீஸ் வரும், ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். நான் மீட்டரை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். வேறு எங்கே போயிருப்பார் என்று யோசிக்கவே எனக்குத் தோன்றவில்லை. நேராகத் தியேட்டருக்குப் போனேன்.

மேட்னி தொடங்கிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சட்டை போட்ட கிழவர் யாராவது வந்தாரா என்று டிக்கெட் கொடுப்பவரிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். பைக்குள் கைவிட்டு மீட்டரை இயக்கிக் கல்லாப்பெட்டி அருகே கொண்டுபோனேன். முள் சட்டென்று எழும்பியது. உள்ளே ஒரு ரூபாய் நோட்டு. பெரியவர் இடுப்பில் மடித்து வைத்திருந்ததில், அயோடின் கலந்த அவருடைய வியர்வை அதில் ஊறியிருந்தது. அந்த நோட்டை வாங்கி பாலிதீன் உறையில் போட்டுவிட்டு, என் நோட்டைக் கொடுத்து, எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டேன். டிக்கெட்காரர் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்.

உள்ளே பெஞ்சுகள் நிறைந்திருந்தன. திரையில் ஒரு பாட்டு. அதன் வெளிச்சத்தில் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓரமாக நடந்தேன். முன்பக்கம் போகப் போக முள் ஏறியது. பாதி தாண்டியதும் குறையத் தொடங்கியது. திரும்பி வந்தேன். நடு பெஞ்சில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்க, அவர் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்க்கவில்லை. கண்களை மூடியிருந்தார். முகம் அப்படித் தெளிந்திருந்தது. நல்ல தூக்கம்.

அவரை எழுப்பத்தான் வேண்டும். அதற்குள் மனம் கணக்குப் போட்டுவிட்டது. மூன்று நாளில் அவர் உடம்பில் இருந்ததில் பெரும்பகுதி வெளியேறியிருந்தது, படம் தொடங்கி அதிக நேரமும் ஆகவில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று விடுகிற உரிமை எனக்கு இல்லை. பெஞ்சின் ஓரத்தில் இருந்தவரிடம் சொன்னேன். ஒருவர் மாற்றி ஒருவராகச் செய்தி போய், பக்கத்தில் இருந்தவர் அவர் தோளைத் தட்டினார். விழித்தார், என்னைப் பார்த்தார், எழுந்து வந்தார்.

வண்டி வைக்க முடியாது. குதிரைவண்டிக்காரர் பக்கத்தில் எப்படி உட்கார வைப்பது? நடந்தே போனோம். அவர் சாலையின் ஒரு ஓரம், நான் மறு ஓரம். நடுவில் சைக்கிள்களும் மாட்டுவண்டிகளும் போய்க்கொண்டிருந்தன. லேசாகத் தூறியது. அவருக்குக் காது கேட்க வேண்டுமே என்று நான் கத்தினேன். அவர் எப்போதுமே கத்துகிறவர்.

“ஏன் ஐயா போனீங்க? அவ்வளவு படப் பைத்தியமா?”

“படமா? யாருக்கு வேணும் படம்! சத்தம் வேணும் சார் எனக்கு!”

“என்ன சத்தம்?”

“எதுனா சத்தம்! அந்த ரூமு ரொம்ப அமைதியா கீது சார்!”

வெற்றிலைக் கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவர் கத்திக்கொண்டே வந்தார். பாய்லருக்குத் தகடு பொருத்தும்போது வெளியே இருந்து ஆணியைச் சம்மட்டியால் அடிப்பார்களாம். உள்ளே ஒருவன் குந்தி, இரும்பு வைத்து அந்த ஆணிக்கு முட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

“நான் உள்ள இருக்கிற ஆளு சார்! எத்தினியோ வருசம்! பஞ்சு வெச்சிக்குவோம், அது எங்க நிக்கும்? இப்ப காதுக்குள்ள எப்பவும் விசில் அடிச்சிக்கினே இருக்கும். வீட்டுல புள்ளைங்க கத்தும், தெருவுல ஆள் நடமாட்டம், தெரியாது. இங்க ராவும் பகலும் அது ஒண்ணுதான். தலைய செவுத்துல முட்டிக்கலாம்னு வருது!”

தூக்கம் வருகிறதா என்று தினமும் கேட்டேனே ஒழிய, ஏன் வரவில்லை என்பது எங்கள் பரிசோதனைகள் எதிலும் இல்லை. எனக்கு அந்த அமைதி பழகியிருந்தது. அது ஒரு மனிதரைத் தெருவுக்குத் துரத்தும் என்று நான் நினைத்ததில்லை.

அவர் முன்னால் போய் அறைக்குள் நுழைந்துகொண்டார். அதற்குள் பெரிய டாக்டருக்குச் செய்தி போயிருந்தது. வெளியே பூட்டுப் போடச் சொன்னார். தீப்பிடித்தால் யார் திறப்பது என்று கேட்டேன். “அப்ப நீயே காவல் இருப்பா” என்று கோபமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அது சரியாகப்பட்டது. என் மேஜையையும் நாற்காலியையும் தாழ்வாரத்தில் போட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்து, கதிர் குறைவாக இருக்கிற தூண் மறைவாகத் தேர்ந்தெடுத்தேன். அவர் அறையின் கதவு திறந்திருந்தது.

அன்று மாலை லாட்ஜிலிருந்து என் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து, பாலிதீனில் சுற்றி, வாசலில் வைத்தேன். தமிழ்ப் பாட்டு வரும் இடத்தில் முள்ளை நிறுத்தியிருந்தேன். அவர் அதை எடுத்துக் காதோரம் வைத்துக் கொஞ்ச நேரம் திருகினார். பாட்டு போய்விட்டது. வெறும் இரைச்சல்.

“ஸ்டேஷன் மாறிடுச்சு ஐயா, இடது பக்கம் திருப்புங்க.”

“வேணாம் சார். பாட்டு நின்னு நின்னு வருது. ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல இரையுது பாருங்க, இதான் நல்லாகீது. விசிலுக்கு மேல போர்வை போட்ட மாதிரி.”

நர்ஸுக்கு அது புரியவே இல்லை. ரேடியோ கெட்டுப்போயிருக்கிறது என்று வந்து சொன்னார். நான் இல்லை என்றேன். தலையணைக்குப் பக்கத்தில் அந்த இரைச்சலை வைத்துக்கொண்டு பெரியவர் மறுநாள் காலை வரை தூங்கினார். ராத்திரிக் காவலுக்கு வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு லாட்ஜுக்கு வந்த எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அறை அவ்வளவு நிசப்தமாக இருக்கும் என்று அதுவரை கவனித்ததில்லை.

விடுவிக்கும் அளவுக்குக் கதிர் குறைந்ததும் வீட்டுக்கு அனுப்பினோம். குழந்தைகளைச் சில வாரம் மடியில் வைக்கக் கூடாது, தட்டு தனியாக என்று மகனிடம் சொன்னேன். அந்த வாரங்கள் முடிந்த பிறகு ஒருநாள் மகன் என்னைத் தேடி வந்தார்.

“சார், அப்பாவ இன்னும் பின்கட்டுலதான் வெச்சிருக்கோம். நான் சொன்னா வீட்டுல கேக்க மாட்டேங்கறா. நீங்க ஒருதடவை வந்து சொல்றீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை மீட்டருடன் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மருமகள் கதவோரம் நின்றார், பிள்ளைகள் அவர் புடவைக்குப் பின்னால். சுவரில் வைத்துக் காட்டினேன். பிறகு பெரியவரின் கழுத்தில் வைத்தேன். சுவருக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லாத அளவுக்கு முள் அடங்கியிருந்தது. மருமகள் நம்பவில்லை.

“உங்க மேல வெச்சிக் காட்டுங்க சார்” என்றார்.

“ஏய், இன்னா பேச்சு அது?” என்று பெரியவர் அதட்டினார்.

“பரவாயில்ல ஐயா” என்று சொல்லி, மீட்டரை என் நெஞ்சில், வயிற்றில், இரண்டு கைகளிலும் வைத்துக் காட்டினேன். அந்த அம்மாள் கிட்ட வந்து குனிந்து முள்ளைப் பார்த்தார். இவ்வளவு பக்கத்தில் ஒருவர் வந்து என்னைப் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

“ஒண்ணும் இல்லியே” என்றார், ஆச்சரியமாக. பிறகு, “சாப்ட்டுட்டுப் போங்க சார். உங்களுக்கு வீட்டுல யாரு இருக்காங்க?” என்று கேட்டார்.

“இங்க யாரும் இல்லம்மா.”

அன்று பெரியவரின் பக்கத்தில் எனக்கும் இலை போட்டார்கள். பிறகும் சில ஞாயிறுகள் போனேன். ஆனால் அழைக்காமல் போவதற்கு எனக்குக் கூச்சம். அவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்காரரை அடிக்கடி கூப்பிடத் தயக்கம். அது அப்படியே குறைந்துவிட்டது.

அவ்வப்போது சோதனைக்கு வருவார். கொஞ்சமாக அயோடின் கொடுத்து, மிஷினுக்குக் கீழே படுக்க வைத்துப் படம் எடுப்போம். அந்தக் கால மிஷின் கழுத்துக்கு மேலே வரி வரியாக நகர்ந்து, ‘டக் டக்’ என்று தாளில் புள்ளி குத்தும். மற்றவர்கள் எப்போது முடியும் என்று கேட்பார்கள். இவர் தூங்கிவிடுவார். படம் ஒவ்வொரு முறையும் சுத்தமாக வந்தது.

பிறகு மகனுக்குப் பெரம்பூருக்கு மாற்றலாயிற்று. சொல்லிக்கொள்ள வந்தார். முற்றத்தைக் கடந்து நேராக என் அறைக்குள் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அடுத்த செக்கப்புக்கு வந்துடுவேன் தம்பி. ராத்திரி வண்டி ஏறினா காலையில இங்க. உங்கள வுட்டுட்டு வேற ஆளு கையில குடிக்க மாட்டேன்.”

எப்போது தம்பி ஆனேன் என்று எனக்குத் தெரியவில்லை. “மெட்ராஸ்லயும் செய்வாங்க ஐயா” என்றேன்.

“அவங்க செய்வாங்க. எனக்கு இங்கதான் வரணும்.”

அடுத்த செக்கப்புக்கான மாதம் வந்ததும், எங்களுக்கு அயோடின் அனுப்பும் பம்பாய்க்கு அவருக்கான அளவையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன். விமானத்தில் பெங்களூருக்கு வந்து, அங்கிருந்து ஜீப்பில் குடுவை வந்து சேர்ந்தது. குறித்த நாளில் மிஷினுக்குப் புதுத் தாள் போட்டுக் காத்திருந்தேன். அன்று அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பெரம்பூரில் என்ன விலாசம் என்று நான் கேட்டு வைத்திருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றாத அளவுக்கு அவர் வருவார் என்பது எனக்கு உறுதியாக இருந்தது. அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கலாம். மகனுக்கு லீவு கிடைக்காமல் இருந்திருக்கலாம். வேறு ஏதாவது ஆகியிருக்கலாம்.

அந்த மருந்து நாள் ஆக ஆகத் தானே குறைந்துகொண்டு போகும். நம் கையில் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் அதை எடுத்து அளந்தேன். ஒருநாள் அது யாருக்கும் கொடுக்க உதவாத அளவுக்குக் குறைந்தது. குடுவையை மூடி, ஈயச் செங்கற்களுக்குப் பின்னால் மற்ற மிச்சங்களோடு வைத்தேன். வெளியே முற்றத்திலிருந்து டீக்காரரின் குரல் கேட்டது.